கும்பிடுபூச்சி காத்த தோட்டம்

மிளகாய்க் கன்றின் இலை ஒன்றைத் திருப்பிப் பிடித்தபடி யாகப்பு குந்தியிருந்தார். இலையின் அடியில் தவிட்டு நிறத்தில், விரல் நகமளவு ஒரு கட்டி ஒட்டியிருந்தது. அதைக் கிள்ளி எறிய நீண்ட மனைவியின் கையை அவர் மற்றக் கையால் மறித்துக்கொண்டிருந்தார்.

"தொடாதை சூசை. உது எங்கட காவற்காரன்."

சூசையம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள். காவற்காரன் பூனை மயிரைச் சுருட்டி ஒட்டி வைத்ததுபோல இருந்தான்.

"எனக்கெண்டால் புழு முட்டை போலத்தான் கிடக்கு."

"வகுப்புக்குப் போனது நீயோ, நானோ?"

போனது யாகப்புதான். வேலணையில் நடந்த அந்த ஒருநாள் விவசாய வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து, வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது அங்கேதான் போய் முடிந்தது.

சுருவில் கரையில் சம்மாட்டி யாகப்பு என்றால் சின்னப் பெயர் இல்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் நிற்பது பாரையா, சூடையா என்று சொல்லக்கூடியவர். சொந்த வள்ளம், சொந்த வலை, அவரோடு தொழிலுக்குப் போக நாலு பேர். சண்டை தொடங்கிக் கடற்படை கடலை மூடியதோடு எல்லாம் நின்றது. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. வெயிலில் பலகை வெடிக்காமல் இருக்க அவர் அதற்கு ஓலை மாற்றி மாற்றிப் போட்டுவந்தார். சும்மா கிடந்து உக்குவதைவிட விற்றுவிட்டால் என்ன என்று மைத்துனன் லியோன் ஒருநாள் கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு யாகப்பு அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வள்ளத்தை விற்காமல் இருப்பதென்றால் வேறு எதையாவது செய்து சாப்பிட வேண்டும். சூசையம்மாவுக்குச் சீதனமாக வந்த நாலு பரப்புக் காணி ஊரின் உட்புறத்தில் பற்றை மண்டிக் கிடந்தது. யாகப்பு அதை வெட்டித் துப்புரவாக்கினார், கொத்தினார், மிளகாய் நட்டார். ஆடு புகாமல் இருக்க, கிளுவை வேலியோடு பழைய வலையையும் சேர்த்துக் கட்டினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அப்புத்துரையின் புகையிலைத் தோட்டம். அப்புத்துரை பரம்பரைக் கமக்காரர். அவருடைய புகையிலைக்கு யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்காரர் தேடி வருவார்கள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வேலியில் தொங்கிய வலையை அவர் விரலால் சுண்டிப் பார்த்தார்.

"சம்மாட்டியார், மிளகாயை வலை போட்டோ பிடிக்கப் போறீர்?"

கிணற்றடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். யாகப்புவும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சூசையம்மாவிடம் சொன்னார், அந்த மனுஷன் தன்னுடைய மிளகாயைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிற நாள் ஒன்று வரும் என்று. வந்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார். மிளகாய் பிழைத்தால் வள்ளம் பிழைக்கும். மிளகாய் போனால் லியோனிடம் போய்த் தலை குனிய வேண்டும்.

அந்த நேரத்தில்தான் வகுப்பு வந்தது. பாதை பூட்டியதால் கொழும்பிலிருந்து பூச்சி மருந்து வருவது நின்றுபோயிருந்தது. மருந்து இல்லாமல் பயிரைக் காப்பாற்றுவது எப்படி என்று விவசாயப் போதனாசிரியர் வின்சன்ற் சொல்லிக் கொடுக்கப் போகிறார் என்றார்கள். வாங்குகளில் நிறைந்திருந்த கமக்காரர்களுக்கு நடுவில், வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்த ஒரே கடற்றொழிலாளி யாகப்புதான். அப்புத்துரை போகவில்லை. அவருக்கு வகுப்பு எடுக்க இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை என்பது அவருடைய எண்ணம்.

வின்சன்ற் ஒரு இலையையும் ஒரு தடியையும் எல்லார் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டிலும் தவிட்டு நிறத்தில் ஒரு கட்டி. ஒன்று அந்துப்பூச்சியின் முட்டை. அதிலிருந்து வருகிற புழு இரவோடு இரவாகத் தோட்டத்தை மேய்ந்துவிடும். மற்றது கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. கும்பிடுபூச்சி முன்னங்கால்கள் இரண்டையும் கூப்பிக்கொண்டு பக்தியாக நிற்கும், கிட்ட வருகிற புழு பூச்சியை எட்டிப் பிடித்துத் தின்னும், பயிரைத் தொடாது. ஒன்று கள்ளன், மற்றது காவற்காரன், இரண்டையும் மாற்றி விளங்கிவிடக் கூடாது என்று வின்சன்ற் சொன்னார்.

யாகப்பு இரண்டையும் தடவிப் பார்த்தார். ஒன்று மெத்தென்று பூனை மயிர் போல இருந்தது. மற்றது காய்ந்த நுரை இறுகியதுபோல, அசல் கணவாய் மீனின் ஓடு. இந்த ஒப்புமை தனக்குத் தோன்றியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை கமக்காரரில் ஒருவனுக்காவது கணவாய் ஓட்டைத் தெரிந்திருக்குமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் அதை விளங்கப்படுத்தத் தொடங்கினார். கணவாய் ஓடு எங்கே ஒதுங்கும், எப்படி மிதக்கும் என்றெல்லாம் சொல்லி முடித்து நிமிர்ந்தபோது, எது எதனுடையது என்பதை வின்சன்ற் சொல்லி முடித்திருந்தார்.

திரும்பக் கேட்டிருக்கலாம். அத்தனை கமக்காரருக்கு முன்னால் ஒரு சம்மாட்டி எழும்பி, எனக்கு விளங்கவில்லை என்று சொல்வதா? யாகப்பு கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது தானே யோசித்து முடிவு கட்டினார். மெதுவானது நல்லது, இறுகினது கெட்டது. வேதத்தில்கூடக் கல்நெஞ்சுக்காரன் நல்லவனாக முடிந்த கதை ஒன்றும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாளே கத்தியோடு இறங்கினார். கிளுவை வேலியில் ஒட்டியிருந்த இறுகிய கட்டிகளை ஒன்றும் விடாமல் சுரண்டி, குவித்து, நெருப்பு வைத்தார். தன் பக்கம் முடிந்ததும், அயலவருக்கு ஒரு உபகாரமாக இருக்கட்டும் என்று அப்புத்துரையின் பக்கத்து வேலியையும் சுரண்டிக் கொடுத்தார். மிளகாய் இலைகளின் கீழ் இருந்த மெத்தென்ற கட்டிகளுக்கோ, வெயில் படாமல் தென்னோலைக் கீற்றுக் குத்திக் கூடாரம் போட்டார்.

அப்புத்துரை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அது என்ன கூடாரம் என்று விசாரித்தார். யாகப்பு ஒரு போதனாசிரியரைப் போல விளக்கினார். அப்புத்துரையின் முகம் கொஞ்சம் மாறியது.

"இஞ்சாரும் யாகப்பு, பகிடி இல்லை. உதுகளைப் பிடுங்கி நசுக்கிப் போடும். பொரிச்சுதெண்டால் பேந்து கையாலைதான் பொறுக்க வேண்டி வரும்."

"நீங்கள் வகுப்புக்கு வரேல்லைத்தானே, அண்ணை," என்றார் யாகப்பு.

அப்புத்துரை தலையை ஆட்டிவிட்டுத் தன் பாத்திக்குப் போய்விட்டார். ஒரு கமக்காரரை வாயடைக்க வைத்த பெருமையில் யாகப்பு அன்று பகல் இரண்டு கோப்பை தேத்தண்ணி கூடுதலாகக் குடித்தார்.

கட்டிகள் பொரித்தன. ஒவ்வொரு இலையிலும் பச்சையாக, நூல் நூலாக, நெளிந்தபடி நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். யாகப்பு மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார். பிள்ளைப்பெற்ற வீட்டில் தகப்பன் நிற்பதுபோல நின்றார்.

சூசையம்மா நெடுநேரம் பார்த்தாள். "கும்பிடுபூச்சி எண்டியள். கும்பிடுறதுக்குக் கை எங்கை?"

"பிறந்த உடனை ஆர் கும்பிடுறது? வளர வளரக் கை வரும்."

கை வரவில்லை. வாய்தான் வளர்ந்தது. சில நாட்களில் இலைகள் ஓட்டை விழுந்து, நரம்பு மட்டும் மிஞ்சி, வேலியில் கட்டியிருந்த வலையைப்போலவே ஆகின. பகலில் வந்து பார்த்தால் ஒரு புழுவும் கண்ணில் படாது, மண்ணுக்குள் போய்விடும். இலை மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. காவற்காரர் வளருகிற வயதில் கொஞ்சம் சாப்பிடத்தான் செய்வார்கள் என்று யாகப்பு சொல்லிப் பார்த்தார். சூசையம்மா ஒரு வெறும் ஈர்க்கு மாதிரி நின்ற இலைக்காம்பை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரம் அவர் வேலணைக்குப் போய் வின்சன்றைக் கண்டார். தனக்கு ஒரு சிநேகிதன் இருப்பதாகவும், அந்தச் சிநேகிதன் மெதுவானதை வைத்துக்கொண்டு இறுகினதை எரித்துவிட்டதாகவும், அது சரியா பிழையா என்று கேட்டு வரச் சொன்னதாகவும் சொன்னார்.

வின்சன்ற் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்கட சிநேகிதனிட்டைச் சொல்லுங்கோ, அவர் காவற்காரனை நெருப்பிலை போட்டிட்டுக் கள்ளனுக்குக் கூடாரம் அடிச்சுக் குடுத்திருக்கிறார்."

பிறகு, அந்தச் சிநேகிதன் கொஞ்சம் மொக்கனோ என்றும் கேட்டார். யாகப்பு மிகுந்த சிரமத்தோடு ஓம் என்றார்.

திரும்பி வந்ததும் கூடாரங்களைப் பிடுங்கினார். ஆனால் ஊரில் ஒருவருக்கும், முக்கியமாக வேலிக்கு அந்தப் பக்கம், விஷயம் தெரியக் கூடாது என்று சூசையம்மாவிடம் சத்தியம் வாங்கினார். கையால் பொறுக்கலாமே என்று அவள் சொன்னதற்கு, அப்புத்துரை சொன்ன வேலையைத் தான் செய்வதைவிட மிளகாய் சாவது மேல் என்றார். தனக்குத் தெரிந்த வழியில் இதற்கு ஒரு முடிவு கட்டுவேன் என்றும் சொன்னார்.

அவருக்குத் தெரிந்த வழி வெளிச்சம். கடலில் வெளிச்சம் வைத்தால் மீன் வரும். தோட்டத்தில் வெளிச்சம் வைத்தால் அந்துப்பூச்சி வரும். வருகிறதைத் தண்ணீரில் விழுத்தினால் அடுத்த முட்டைக்கு ஆள் இருக்காது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. வள்ளத்துப் பெற்றோமக்ஸைத் துடைத்து, பொழுது படுகிற நேரம் தோட்டத்தின் நடுவில் கட்டித் தூக்கி, கீழே ஒரு பேசின் தண்ணீர் வைத்தார்.

அந்துப்பூச்சி வந்தது. அவருடைய தோட்டத்துப் பூச்சி மட்டுமல்ல, அயலில் இருந்த அத்தனை தோட்டத்துப் பூச்சியும் திருவிழாவுக்கு வருவதுபோல வந்தது. பேசினுக்குள் விழுந்தது கொஞ்சம். மிச்சம் வந்த களைப்புக்கு மிளகாய்ச் செடியில் இறங்கி இளைப்பாறியது. அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஆமி ஹெலி குண்டு போடச் சுற்றுகிற நேரத்தில் ஊரையே அடையாளம் காட்ட லைற் பிடிக்கிறீரோ என்று அவர்களில் முன்னுக்கு வந்த றோசம்மா ஏசினாள். யாகப்பு அவசரமாக விளக்கை அணைத்தார். விளக்கு அணைந்தது வந்த பூச்சிகளுக்குச் சங்கடமாக இருக்கவில்லை. இருட்டில் அங்கேயே தங்கி முட்டையிட்டன. மறுநாள் பார்த்தால் முன்பு ஒரு கட்டி இருந்த செடியில் நாலு கட்டி.

"நல்ல பாடு," என்றாள் சூசையம்மா. மீன்பிடி அமோகம் என்பதற்குக் கரையில் சொல்கிற சொல் அது.

யாகப்பு அடுத்து நினைத்தது, எரித்த காவற்காரரை வேறு இடத்திலிருந்து கொண்டுவருவது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சாட்டிக் கடற்கரைப் பக்கம் போய், பற்றை பற்றையாக நுழைந்து, பெரிய கும்பிடுபூச்சிகளாகப் பார்த்துப் பிடித்தார். முள் கிழித்த கையோடும் பெரிய திருப்தியோடும் திரும்பினார். எல்லாவற்றையும் மீன் போடுகிற பறிக்குள் விட்டு, மேலே துணி கட்டி, குசினி மூலையில் வைத்தார். விடிந்ததும் தோட்டத்தில் இறக்குவதாகத் திட்டம். இறக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அப்புத்துரை நிற்க வேண்டும் என்றும் ஒரு ஆசை.

விடிந்து துணியை அவிழ்த்தார். பறிக்குள் நிறையச் சிறகுகளும் கால்களும் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு கும்பிடுபூச்சி, வயிறு பெருத்து, கைகூப்பியபடி நின்றது.

சூசையம்மா எட்டிப் பார்த்தாள். "எல்லாருக்காகவும் மன்றாடுது போல," என்றாள்.

யாகப்பு அந்த ஒன்றைக் கொண்டுபோய் மிளகாய்ச் செடியில் விட்டார். அது இரண்டு அடி நடந்து, ஒரு கொப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அசையாமல் நின்றது. சுற்றிலும், வெயில் ஏறி மண்ணுக்குள் இறங்குமுன், புழு மேய்ந்துகொண்டிருந்தது. அது ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இரவு சாப்பிட்டது இன்னும் செமிக்கவில்லை.

வரம்பில் உட்கார்ந்து யாகப்பு தலையில் கைவைத்துக்கொண்டார். அழவில்லை. ஆனால் மூக்கை உறிஞ்சினார். கடலில் காற்று அடித்து வள்ளம் புரண்டபோதுகூட அவர் அப்படி இருந்ததில்லை. கடல் எடுத்தால் அது கடலின் குணம். இது அவரே ஓலை குத்தி, வெளிச்சம் பிடித்து, கூப்பிட்டு வைத்த நாசம். லியோனிடம் ஆள் அனுப்பவோ என்று மனைவியிடம் கேட்டார். அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவசரப்பட வேண்டாம், தவக்காலம் தொடங்குகிறது, காலைப் பூசைக்குப் போய்ப் பார்ப்போம் என்றாள்.

வேலிக்கு அப்பால் அப்புத்துரை பாத்தி கட்டிக்கொண்டு நின்றார். அன்று அவர் பகிடி ஒன்றும் விடவில்லை. அதுவே யாகப்புவுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

பூசைக்குப் போகத் தொடங்கினார்கள். முதல் மணிக்கே எழும்பி, இருவருமாக நடந்து போய், பூசை கண்டு, செபமாலையும் சொல்லித் திரும்ப நன்றாக வெயில் ஏறிவிடும். அதற்குப் பிறகுதான் யாகப்பு தோட்டத்துப் பக்கம் போவார். போகவே மனம் வராது.

ஒருநாள் போனவர் இலைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"சூசை, இஞ்சை ஓடி வா."

இரண்டு வரிசையில் புதிதாகக் கடித்த அடையாளமே இல்லை. மறுநாள் இன்னும் இரண்டு வரிசை. முட்டைக் கட்டிகள் இருந்த இலைகளில் கட்டி இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. கும்பிடுபூச்சி முன்பு நின்ற செடியிலிருந்து நாலைந்து செடி தள்ளி, கைகூப்பியபடி நின்றது.

யாகப்பு அதன் முன்னால் குந்தியிருந்து, அதன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"ஒண்டுதான்," என்றார் மெதுவாக. "ஆனால் சம்மாட்டி."

வரம்பில் பெரிய காலடி ஒன்று கிடப்பதாகச் சூசையம்மா சொன்னாள். பெரிய வேலை செய்கிறவனுடைய காலடி பெரிதாகத்தான் இருக்கும், அது தன்னுடையது என்று யாகப்பு சொல்லிவிட்டார். அவருக்குக் காலடி பார்க்க நேரம் இல்லை. மிளகாய்ச் செடிகள் புதுத் துளிர் விட்டுக்கொண்டிருந்தன. துளிருக்குப் பின்னால் பூ வந்தது; தவக்காலம் முடிந்தும் அவர்கள் காலைப் பூசையை விடவில்லை. பூவுக்குப் பின்னால், முருகைக்கல் மண்ணில் மீன்காரன் நட்ட செடியில், கொத்துக் கொத்தாகக் காய் தொங்கியது. பழுக்கத் தொடங்கியபோது தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள்.

அதைவிட அதிசயம் வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தது. அப்புத்துரையின் புகையிலை, சுருட்டுக்காரர் தேடி வருகிற புகையிலை, அந்த வருஷம் ஓட்டையும் பொத்தலுமாக நின்றது. பரம்பரைக் கமக்காரருக்கு இப்படி நடந்ததை ஊர் ரகசியமாகப் பேசியது. யாகப்பு ரகசியமாகப் பேசவில்லை. கோயிலடியில், சங்கக்கடையில், பஸ் தரிப்பில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளங்கப்படுத்தினார். உழைப்பு எல்லாருக்கும் இருக்கிறது, ஆனால் பூச்சியின் மனதை அறிய வேண்டும் என்றார். லியோன் ஒருநாள் வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டு, வள்ளத்துக்குப் போட நாலு கட்டு ஓலை தானே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

செய்தி வின்சன்றின் காதுக்கும் எட்டியது. அவர் வேலணையிலிருந்து ஒரு கூட்டம் கமக்காரரை யாகப்புவின் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். அதே ஆட்கள், அன்றைக்கு வாங்கில் இருந்தவர்கள். யாகப்பு வெள்ளைச் சேட்டோடு வரம்பில் ஏறி நின்றார். ஒரு கையில் செத்த அந்துப்பூச்சி. மற்றக் கையில், அவருடைய விரலைக் கப்பலின் பாய்மரம்போலப் பற்றிக்கொண்டு, உயிரோடு கும்பிடுபூச்சி.

"ரெண்டையும் பாருங்கோ," என்றார். "இது பவுடர் பூசினவள் மாதிரி வெளிச்சத்துக்கு வந்து ஆடும், வடிவாய்த்தான் இருக்கும், விடிஞ்சால் வீடு போயிடும். மற்றது வடிவில்லை, ஆட்டம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. வந்தது தெரியாது, செய்தது தெரியாது. பயிர் மட்டும் நிக்கும்."

தலைகள் ஆடின. ஒருவர், முட்டைக்கட்டிகளை எப்படி இனம் காண்பது என்று கேட்டார். மெதுவானதை நம்பாதே, இறுகினதைக் கைவிடாதே என்று யாகப்பு சொன்னார். தன் சிநேகிதன் ஒருவன் மாற்றி விளங்கிக் கெட்ட கதையையும் சொன்னார். சிநேகிதனுக்காக எல்லாரும் சிரித்தார்கள். வின்சன்றும் சிரித்தார், யாகப்புவின் முகத்தைப் பார்க்காமல்.

கூட்டத்தின் பின்னால் அப்புத்துரையும் நின்றார். நித்திரை இல்லாதவர் போலக் கண் சிவந்திருந்தது. இரண்டு முறை கொட்டாவி விட்டார். யாகப்பு அதைக் கண்டும் காணாதவர்போல விட்டுவிட்டார். தோற்றவனுக்கு நித்திரை வராதுதானே. எல்லாரும் கலைந்தபோது அப்புத்துரை மிளகாய்ப் பழம் ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"நல்ல காய், யாகப்பு," என்றார். பிறகு, எல்லாரும் கேட்கக் கூடியதாகவே, "உந்தக் காவற்காரன்ர முட்டைக்கூடு ஒண்டு கிடைச்சால் எனக்கும் தாருமன்."

யாகப்பு சேட்டின் கழுத்தை இழுத்துச் சரிசெய்தார். எத்தனையோ நாள் இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவர் யோசித்து வைத்திருந்தார். கூர்மையாக, சுருக்கமாக, ஊர் சிரிக்கும்படி. அது ஒன்றும் வாயில் வரவில்லை. "அதுக்கென்ன அண்ணை, கட்டாயம் தருவன்," என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் தேடினார். கடைசியில் றோசம்மாவின் மாதுளையில், கணவாய் ஓடு போல இறுகிய கூடு ஒன்று கிடைத்தது. தடியோடு வெட்டி எடுத்து, புதுக் கைலேஞ்சித் துணியில் சுற்றினார். கொடுப்பதைத் தாமதிக்க அவருக்குப் பொறுமை இல்லை. மறுநாள் முதல் மணி அடிக்கும்போது, சூசையம்மாவை மட்டும் பூசைக்கு அனுப்பிவிட்டு, கைலேஞ்சியை இரண்டு கையாலும் பிடித்தபடி தெருவால் அப்புத்துரையின் வீட்டுக்கு நடந்தார். போகிற வழியில் புகையிலைத் தோட்டத்தை எட்டிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. இந்த நேரமும் படுக்கிறாராக்கும் என்று நினைத்து இரக்கப்பட்டார்.

அப்புத்துரையின் மனைவி சீதேவி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. பூசைக்குப் போகவில்லையா என்று கேட்டாள்.

இன்றைக்கு இதைவிடப் பெரிய அலுவல் என்று யாகப்பு சொன்னார். கைலேஞ்சியைப் பிரித்துக் கூட்டைக் காட்டினார். இதை வேலியில் எந்த உயரத்தில் கட்ட வேண்டும், எந்தப் பக்கம் வெயில் படக் கூடாது, பொரித்த பிறகு பொறுமை எவ்வளவு முக்கியம் என்றெல்லாம் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அண்ணையைக் கொஞ்சம் எழுப்பிவிடும்படி கேட்டார். அவர் வீட்டில் இல்லை என்றாள் சீதேவி. எங்கே என்று கேட்டதற்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, வெளியிலே என்றாள்.

புகையிலை போன கவலையில் மனுஷன் எங்கேயோ அலைகிறார் என்று யாகப்புவுக்கு விளங்கிவிட்டது. மனம் இளகிப் போனது.

"யோசியாதையும் தங்கச்சி," என்றார். "எல்லாருக்கும் உந்தக் கை வராது. அண்ணைக்கும் மெல்ல மெல்லப் பழக்கிவிடுறன்."

சீதேவி கூட்டுவதை நிறுத்தினாள். விளக்குமாற்றைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கடலும் போய் வள்ளத்தையும் வித்தால் யாகப்பு உடைஞ்சு போவான் எண்டு சொல்லி, தவக்காலம் தொடங்கின நாளிலையிருந்து உங்கட கோயில் மணி கேட்டவுடனை அந்த மனிசன் உங்கட மிளகாய்க்குள்ளைதான் குந்தியிருந்து புழுப் பொறுக்குது, அண்ணை; புழு கண்ணுக்குப் பட இலையிலை நிக்கிறது விடியிற நேரம் மட்டும்தானே, அதை உங்களுக்குத் தந்திட்டு எங்கட புகையிலைக்கு அவர் எந்த விடியலைத் தேடிப் போறது?"